கம்பி நுனியில் அரைப் பொட்டு

அத்தியாயம் 6

தோட்டத்துக் கம்பியூட்டர்களைப் பார்க்கும் பிரதாப்பின் கழுத்தில் மூன்று அடையாள அட்டைகள் தொங்கின. ஒரு மனிதன் யாரென்று தெரிந்துகொள்ள ஒன்று போதாதா என்று கேட்டேன்.

"ஒண்ணு தொலஞ்சாலும் ரெண்டு இருக்கும்ல," என்றான் பெருமையாக.

"நல்ல பழக்கம். கழுத்துக்கு ரெண்டு நகல் வச்சிருக்கீங்க. தோட்டத்துப் பதிவுக்கு ஒரு நகல் வச்சிருந்தா நாங்க இந்தக் குளிர்ல வந்திருக்க மாட்டோம்."

ஜீவராணி அக்கா என்னைப் பார்த்தார். வாயை மூடு என்று அதற்குப் பொருள். மூடினேன். எப்படியும் ஐந்து நிமிடம் தாக்குப்பிடிக்கும்.

நான் ஸஜ்ஜாத். ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் போன் திருத்தும் கடை வைத்திருப்பவன். என் கடைக்கு மேல் மாடியில்தான் ஜீவராணி அக்காவின் துப்பறியும் நிலையம் இருக்கிறது. நிலையம் என்றால் ஒரு மேசை, இரண்டு கதிரை, கூரையில் ஓர் ஒழுக்கு. அக்கா இருபத்திரண்டு வருடம் நீதிமன்றத்தில் சாட்சிகள் சொன்னதை எழுதியெடுத்தவர். அத்தனை பொய்யையும் கைவலிக்க எழுதிய மனுஷி என்பதால் புதுப் பொய் எதுவும் அவரிடம் எடுபடாது. கம்பியூட்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அதை அணைக்க மட்டும்தான். அதனால்தான் என்னைக் கூட்டிக்கொண்டு திரிகிறார். என் அழகுக்காக அல்ல.

வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி, முச்சக்கர வண்டியில் இருபது நிமிடம் குலுங்கினால் டன்வேர்த் தோட்டத்து ஆபீஸ் வரும். முந்தின நாள், தேயிலைக் கொழுந்துக் கறை போகாத விரல்களோடு நாகலெட்சுமி என்ற பெண் எங்கள் மாடிப்படி ஏறி வந்தாள். அவளுடைய மகள் சுலக்ஷனாவுக்கு இந்த ஆபீசில் கம்பியூட்டர் வேலை. மூன்றாம் லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஆபீஸ் கதிரையில் உட்கார்ந்த முதல் பெண் அவள்தான். இப்போது அவள்மேல் பெரிய பழி. தோட்டத்துப் பதிவு மொத்தத்தையும் அழித்துவிட்டாளாம். அதை வேலை பிரித்துக் கொடுக்கிற காலைப் பெரட்டில், இருநூறு பேர் கூடை மாட்டிக்கொண்டு நிற்கும்போது, தாயின் முகத்துக்கு நேராக, ஆபீசின் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர் வாசித்திருக்கிறார். இன்று பகல் இரண்டு மணிக்குள் "நான்தான் அழித்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வேலையை விட்டுப் போகவேண்டும். மாட்டேனென்றால் தோட்டத்து மேலாளரான தொரை பொலிசோடு வருவார்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது மணி பன்னிரண்டே கால்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரதாப் சொல்லி யாருக்கும் புரியப்போவதில்லை. எந்த லயத்தில், எந்த ஓரறைக் காம்பராவில், எந்தக் குடும்பம், எந்த வருடத்திலிருந்து இருக்கிறது என்ற பதிவு ஒரு பழைய மென்பொருளில் இருந்தது. அது பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். பழைய மெஷின் சாகக் கிடந்தபோது, பிரதாப் அதை முழுதாக உருவி, புதுக் கம்பியூட்டருக்குள் ஓடவைத்தான். கம்பியூட்டருக்குள் ஒரு கம்பியூட்டர். உள்ளே ஓடுகிற மெய்நிகர் மெஷினுக்கு உடம்பு கிடையாது. ஒரு பெரிய கோப்பு, கூடவே சில சின்னக் கோப்புகள், அவ்வளவுதான். அதை உண்டாக்கும்போது உருப்படியான கேள்வி ஒன்று வரும்: இந்தக் கோப்புகளை எங்கே வைக்க? அந்தக் கேள்வியை வாசிக்காமலே 'சரி' என்று அழுத்துகிற புத்திசாலிகளால்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"எங்க வச்சீங்க?" என்று அக்கா கேட்டார்.

"சீ டிரைவ்ல மேடம். அதுதான் முறை," என்றான் பிரதாப். தன்னுடைய கம்பனிக்கு அவனே முதலாளி, அவனே தொழிலாளி. இரண்டு பேரும் அரைகுறை. "இந்தப் புள்ள எடம் பத்தலைன்னு சீ டிரைவ கூட்டிப் பெருக்கியிருக்கு. அதோட இதையும் அழிச்சிருக்கு. படிச்சுப் படிச்சு சொன்னேன், தெரியாதத தொடாதன்னு."

சுவரோரமாக நின்ற சுலக்ஷனா நிமிர்ந்தாள். அழுது முடித்த முகம். "நான் அழிச்சது பழைய பிரிண்ட் கோப்புங்க, அக்கா. வெள்ளிக்கிழமை காலையில தெறந்தப்ப மெஷின் பேரு பட்டியல்ல இருந்திச்சு. பக்கத்துல செவப்பா ஒரு அடையாளம். தெறக்க முடியலைன்னு வந்திச்சு. பயந்துபோயி இவருக்குப் போன் பண்ணினேன்."

நான் திரையைப் பார்த்தேன். பட்டியல் துடைத்துவிட்டாற்போல் காலியாக இருந்தது. "இப்ப பேரே இல்லையே. யார் எடுத்தது?"

பிரதாப் அட்டைகளில் ஒன்றைத் திருப்பிப் பார்த்தான். தன் பெயரைச் சரிபார்த்தானோ என்னவோ. "நான்தான். கோப்பே போன பொறகு பேரு எதுக்கு?"

"செத்தவங்க பேரக்கூட ஒரு வருஷம் வச்சிருப்பாங்க," என்றேன்.

அக்கா மேசையைச் சுற்றி நடந்தார். மூலையில் பழைய மெஷினின் இரும்புப் பெட்டி தூசி படிந்து கிடந்தது. "இதுல இருந்தத எல்லாம் எடுத்தீங்களா, பாதியா?"

"முழுசா மேடம்!" பிரதாப்பின் மார்பு விரிந்தது. "முழு டிஸ்க்கையும் அப்படியே, ஒரு எழுத்து விடாம. அளவையும் நிலையா வச்சேன். வளர்ற மாதிரி வச்சா வேகம் கொறையும். அனுபவம் இல்லாதவங்கதான் அப்படி வைப்பாங்க."

"பழைய டிஸ்க் எவ்வளவு?"

"நூத்தி அறுபது ஜீபி."

அக்கா என் பக்கம் திரும்பினார். "ஸஜ்ஜாத், இந்த சீ டிரைவ் எத்தன புடிக்கும்?"

பார்த்தேன். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "நூத்திப் பதினெட்டு. அதுவும் வெறும் வயித்தோட. வேற டிஸ்க்கும் இந்தப் பெட்டிக்குள்ள இல்ல."

"எனக்குக் கம்பியூட்டர் தெரியாது, தம்பி," என்றார் அக்கா பிரதாப்பிடம், மிக மெதுவாக. "கூடை தெரியும். பதினெட்டு கிலோ புடிக்கிற கூடைக்குள்ள இருவத்தஞ்சு கிலோ கொழுந்த எப்படி அமுக்கினீங்க? இந்தப் பொண்ணு அழிக்கிறதுக்கு அது அங்க இருந்திருக்கணுமே."

ஒரு பெரிய பொய் உடைந்தால் சத்தம் கேட்கும் என்று நினைப்பீர்கள். கேட்பதில்லை. ஆள் மட்டும் கொஞ்சம் குள்ளமாகிவிடுகிறான்.

"வெளிய... ஒரு சின்னப் பெட்டி," என்றான். "யுஎஸ்பி கம்பியில மாட்டுற ஹாட் டிஸ்க். கறுப்பு. உள்ள எடம் இல்லன்னு அதுல வச்சேன். கம்பியூட்டருக்குப் பின்னாடி இருந்திச்சு."

"ஒரு தோட்டத்துச் சனத்தோட தலையெழுத்த ஒரு முழக் கம்பியில தொங்கவிட்டிருக்கீங்க," என்றேன். "கால் தட்டினா போச்சு."

"தற்காலிகமாத்தான் வச்சேன்!"

"எத்தன நாளா?"

"ரெண்டு வருஷம்."

சுலக்ஷனாவின் வாய் திறந்தபடி நின்றது. "அந்தக் கறுப்புப் பெட்டியா? அது கரண்ட் பெட்டி, தொட்டா ஷாக் அடிக்கும்னு சொன்னீங்களே!"

"ஒனக்கு வெளங்கப்படுத்த நேரம் இருக்கல."

அவளுக்கு விளங்காது என்று அவன் முடிவு செய்திருந்தான். ஏ லெவல் பரீட்சையில் இரண்டு ஏ எடுத்த பெண். இவன் எடுத்ததெல்லாம் அடையாள அட்டை. எனக்கு அவனை அந்த முழக் கம்பியாலேயே கட்டிப்போடவேண்டும் போலிருந்தது.

"வெள்ளிக்கிழமை நீங்க வந்தப்ப பெட்டி இருந்திச்சா?" என்றார் அக்கா.

"இருக்கல. யாரோ எடுத்திட்டாங்கன்னு வெளங்கிச்சு. பெட்டின்னு வாயத் தெறந்தா, நான் வெளிய வச்ச கதையும் வந்திடும்..."

"அதனால பட்டியல்ல பேர எடுத்தீங்க. அது இருந்தா பெட்டி இருந்த எடத்தக் காட்டிக் குடுத்திருக்கும். பொறகு ஒரு பொண்ண மாட்டிவிட்டீங்க." அக்கா குரலை உயர்த்தவில்லை. "பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு வேற யாருக்குத் தெரியும்?"

"பெரிய கிளாக்கர் ஐயாவுக்கு மட்டும். அன்னைக்கே சொன்னேன். இந்தப் பெட்டிதான் பதிவு, கம்பியூட்டர் சும்மா கண்ணாடி மாதிரின்னு."

அக்கா தலையாட்டிக்கொண்டே குனிந்து, மேசைக்குப் பின்னால் கையை விட்டார். ஒரு கறுப்புக் கம்பி வந்தது. ஒரு முனை கம்பியூட்டரில், மறுமுனை வெறுமனே. அந்த வெறும் நுனியை வெளிச்சத்தில் பிடித்தார்.

கம்பியின் தலையில் காய்ந்த சந்தனமும் குங்குமமும். ஆனால் முழுப் பொட்டு இல்லை. வட்டத்தில் பாதி. நேர்கோட்டில் வெட்டியெடுத்த மாதிரி அரைப் பொட்டு.

"சரஸ்வதி பூஜைக்கு யார் பொட்டு வச்சது?"

வாசலில் நின்ற மூக்கன் கையைத் தூக்கினார். ஆபீசைத் திறந்து பூட்டி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கும் மனிதர். "நாந்தாங்க. புதன்கிழமை காலையில எட்டு மணிக்கே வச்சிட்டேன். திரைக்கு, பிரிண்டருக்கு, பெட்டிக்கு, எல்லாத்துக்கும். கறுப்புப் பெட்டியில நடுவுல வெளக்கு மினுங்குறதப் பாத்து, கரண்டுக்குப் பயந்து அங்க கைய வைக்கலீங்க. கம்பி சொருகுற ஓரத்துல வச்சேன்."

"மிச்சப் பாதி பெட்டியில இருக்கு," என்றார் அக்கா. "எட்டு மணி வரைக்கும் பெட்டி கம்பியோட இருந்திச்சு. பொட்டு வச்ச பொறகுதான் உருவியிருக்காங்க. பூஜைக்கு எதெல்லாம் சாமிகிட்ட வச்சீங்க?"

"கணக்குப் பொஸ்தகம், பேர்ப் பொஸ்தகம் எல்லாம் நான் தூக்கினேன். பெரிய கிளாக்கர் ஐயா மட்டும் ஒரு பொதிய மஞ்சத் துணியில சுத்தி, தன் கையாலயே கொண்டாந்து வச்சாரு. ரொம்ப பக்தி அவருக்கு."

பக்தி அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தது. பெரிய கிளாக்கர் செல்லசாமி. நெற்றியில் மூன்று விரல் திருநீறு, நடுவே ரூபாய்க் காசளவு சந்தனம். முன்னால் நீளத் தாள். பதிவு போய்விட்டதால், எந்தக் குடும்பம் எந்தக் காம்பராவில் எத்தனை வருடமாக இருக்கிறது என்று ஞாபகத்திலிருந்து எழுதித் தரும்படி தொரை அவரைத்தான் கேட்டிருந்தாராம். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் புது வீடு கட்ட ஏழு பேர்ச் மனைக் காணி கொடுப்பார்கள். நாளைக்கு அனுப்பவேண்டும். மனிதர் எழுத்து முத்து முத்தாக இருந்தது.

"ஐயா, சாமி அலுமாரிய ஒருக்கா தெறக்க முடியுங்களா?" என்றார் அக்கா பணிவாக. அவர் பணிவாகப் பேசினால் நான் கதவுப் பக்கம் நகர்ந்து நிற்பது வழக்கம்.

"எதுக்கும்மா?"

"மஞ்சத் துணி."

செல்லசாமியின் பேனா நின்றது. ஒரு விநாடிதான். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டு எழுந்தார். "அடடா! சிவசிவா! மறந்தே போனேன் பாருங்க!" அலுமாரியைத் திறந்தார். சரஸ்வதி படத்துக்குப் பின்னால், காய்ந்த செவ்வந்திக்குக் கீழே, மஞ்சள் துணி. அதற்குள் உள்ளங்கை அகலத்தில் கறுப்புப் பெட்டி. ஓரத்தில் மிச்ச அரைப் பொட்டு.

மூக்கன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சுலக்ஷனா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"தோட்டத்துப் பதிவு பூரா இதுக்குள்ளதானே இருக்கு? இதுவும் பொஸ்தகந்தானேன்னு சரஸ்வதிகிட்ட வச்சேன்," என்றார் செல்லசாமி, கண் கலங்கியபடி. கலங்குவதற்கும் பயிற்சி வேண்டும். "விஜயதசமிக்கு எடுக்கணும்னு இருந்தேன். வயசாச்சு, மறந்திட்டேன். நல்லவேள, கெடச்சிரிச்சு. புள்ள, நீ நாளைக்கு வேலைக்கு வா. தொரகிட்ட நான் சொல்றேன்." மேசை லாச்சியை இழுத்து, பெட்டியைத் துணியோடு சேர்த்து அதற்குள் போடப் போனார்.

பிரதாப் சத்தமாக மூச்சு விட்டான். மூக்கன் தேத்தண்ணி போடக் கிளம்பினார். ஒரு பக்திமானின் மறதி, ஒரு கோழையின் பொய், பழி நீங்கிய பெண். நானும்கூட, கடையைத் திறக்க அரைநாள் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். என் புத்தியின் நீளம் அவ்வளவுதான்.

"குடுங்க," என்று அக்கா கையை நீட்டினார். "ஒரு சந்தேகம் மட்டும். பதிவு பூரா இந்தப் பெட்டிக்குள்ள இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியும்."

"இப்பத்தானே சொன்னேன்."

"பெட்டி சாமி அலுமாரிக்குள்ள இருக்குன்னும் தெரியும். நீங்கதான் வச்சீங்க."

"ஆமா."

"அப்ப வெள்ளிக்கிழமை, இந்தப் பொண்ணு பதிவ அழிச்சிட்டான்னு இவன் கத்தினப்ப, அவ எத அழிச்சான்னு நெனச்சீங்க? பெரட்டுல அவ அம்மா முன்னாடி நீங்கதானே வாசிச்சீங்க. பெட்டிய மறந்திருக்கலாம். பதிவு எங்க இருக்குன்னு மறக்கலியே. தொர கேட்ட உடனே ஞாபகத்துல இருந்து பட்டியல் எழுத ஒக்காந்த ஆளுக்கு மறதியா?"

செல்லசாமி எழுதிய தாளைக் கவிழ்த்து வைத்தார். திருநீற்றுக்கு நடுவே வியர்வை ஒரு கோடு போட்டது.

பெட்டி என் கைக்கு வந்தது. எல்லோரும் கம்பியூட்டர் இருந்த அறைக்குத் திரும்பினோம். அரைப் பொட்டும் அரைப் பொட்டும் ஒட்டிக்கொள்ளும்படி கம்பியைச் சொருகினேன். பெட்டிக்குள் ஒரு சின்ன முனகல். கோப்புகள் வந்தன. மெஷினின் பெயரை மறுபடி பட்டியலில் சேர்த்தேன். பெயருக்குக் கீழே இருந்ததைப் படித்ததும் என் முதுகு நிமிர்ந்தது.

"அக்கா, இந்த மெஷின அணைக்கல. தூங்கவச்சிருக்காங்க."

"வெளங்குற மாதிரி சொல்லு."

"மெஷின் ஜன்னல மூடினா, என்ன செய்யன்னு ஒரு கேள்வி வரும். அணைக்கவா, இல்ல இருக்கிறபடியே நிறுத்தி வைக்கவா? அவசரத்துல வாசிக்காம தட்டியிருக்காங்க. அந்த நிமிஷம் திரையில என்ன இருந்திச்சோ, அது அப்படியே ஒரு கோப்பா இதே பெட்டிக்குள்ள கெடக்கு. எழுப்பினா விட்ட எடத்துல இருந்து தொடங்கும்."

"வேணாம்!" என்றார் செல்லசாமி. "கரண்ட் போகப்போற நேரம். உள்ளதும் கெட்டிரும். பெறகு பாப்போம்."

ஐந்து நாளாகப் பதிவு கெட்டதைப் பற்றிக் கவலைப்படாத மனிதர் இப்போது கவலைப்பட்டார். நான் பொத்தானை அழுத்தினேன். பச்சைக் கோடு ஒன்று நிதானமாக நீண்டது. தொழிற்சாலைப் பக்கம் மெஷின்கள் உறுமும் சத்தம் தவிர வேறெதுவும் இல்லை. திரை வெளிச்சமானது.

மூலையில் கடிகாரம் பழைய நேரத்தைக் காட்டியது. புதன்கிழமை, காலை ஒன்பது நாற்பத்திரண்டு.

"நான் பூ கொண்டாந்த நேரம்," என்றாள் சுலக்ஷனா. "ஐயா இந்தக் கதிரையில இருந்தாரு. என்னையக் கண்டதும் எந்திரிச்சிட்டாரு. சாமிக்கு முன்ன தொடைக்கிறேன்னாரு."

திரையில் மூன்றாம் லயமும் நான்காம் லயமும் திறந்திருந்தன. பதினொரு காம்பராக்களில் குடும்பப் பெயர்கள் மாறியிருந்தன. மூக்கன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார். "இது ஐயாவோட மச்சான். கொழும்புல இருக்காரு. இது மருமகப் புள்ள. இவரு யாருங்க, நம்ம தோட்டத்துல மிதிச்சதே இல்லையே..." வாசிக்க வாசிக்க அவருடைய குரலில் இருந்த மரியாதை கழன்றது. முப்பது வருடம், நாற்பது வருடம் அந்தக் காம்பராக்களில் மழைக்குச் சட்டி வைத்துப் படுத்தவர்களின் இடத்தில், அங்கே ஒரு நாளும் குளிராதவர்களின் பெயர்கள்.

பன்னிரண்டாவது வரியில் வேலை பாதியில் நின்றிருந்தது. இருந்த பெயரைக் கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்திருக்கிறார். 'நாகலெ' வரை மிச்சம். அதன் பக்கத்தில் அந்தச் சின்னக் கோடு இன்னும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது, அடுத்த எழுத்தை எப்போது தின்னலாம் என்று காத்துக்கொண்டு.

சுலக்ஷனா அதைத் தொட்டுப் பார்த்தாள். திரையின் கண்ணாடியில் அவள் விரல் அடையாளம் பதிந்தது.

"பெட்டிய எடுத்த நோக்கம் இப்பதான் வெளங்குது," என்றார் அக்கா. "திரும்ப ஒக்காந்து மிச்சத்த முடிக்க நேரம் கெடைக்கல. பெட்டி இங்க இருந்தா அடுத்து தெறக்கிறவ கண்ணுல இதுதான் படும். சாமிக்கு முன்னாடி வச்சா ரெண்டு நாளைக்கு யாரும் தொட மாட்டாங்க. அதுக்குள்ள இந்தப் படிச்ச முட்டாள் ஒரு பொண்ணு மேல பழியப் போட, பெட்டியே தேவையில்லாமப் போச்சு. பதிவே இல்லன்னா ஐயா எழுதுறதுதான் பதிவு."

பிரதாப் தன் மூன்று அட்டைகளையும் சட்டைக்குள் விட்டுக்கொண்டான். யாருக்கும் அடையாளம் தெரியாமல் இருந்தால் நல்லது என்று முதல் முறையாக அவனுக்குத் தோன்றியிருக்கவேண்டும்.

செல்லசாமி எங்களை விட்டுவிட்டு அந்தப் பெண்ணிடம் போனார். ஆள் தேர்வில் கெட்டிக்காரர். குரலைத் தாழ்த்தினார்.

"சுலக்ஷனா, நீ நம்ம புள்ள. அத மூடிரும்மா. ஒங்கம்மா பேர மொத வரியில போடுறேன். ரோட்டோரக் காணி. ஒனக்கும் சம்பளத்தக் கூட்டச் சொல்றேன். சாமி மேல சத்தியம்."

அவள் திரையில் மிச்சமிருந்த 'நாகலெ'யைப் பார்த்தாள். எனக்கு ஒரு பயம் வந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். ஒழுகாத கூரை என்றால் சின்ன விஷயமா? நான் அவளாக இருந்தால் மூடியிருப்பேனோ என்னவோ.

"மத்த பதினொரு குடும்பம்?" என்றாள்.

செல்லசாமி தன் அறைக்குத் திரும்பிப் போய், மேசையில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்தார்.

சுலக்ஷனா கதிரையை இழுத்துப்போட்டுத் திரைக்கு நேராக உட்கார்ந்தாள். விசைப்பலகையைத் தொடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மூக்கன் மாமா, பங்களாவுக்குப் போன் போடுங்க. தொர ரெண்டு மணிக்குப் பொலிசோட வாறதா இருந்தாரு. இப்பவே வரச் சொல்லுங்க. நான் இங்கதான் இருக்கேன்னு சொல்லுங்க."

ஆபீசில் போன் ஒன்றுதான். அது பெரிய கிளாக்கரின் மேசையில், அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. மூக்கன் போய், அவருக்குக் குறுக்கே கையை நீட்டி, கேட்காமலே எடுத்தார்.